பையை இளைக்க வைத்த ஆர்லோ

"சரியாப் பாருடி. முள் எங்கே நிக்குது?"

குளியலறை எடை மெஷின் மேல் ஆர்லோ நட்சன் வெறும் அரை டவுசரோடு நின்றுகொண்டிருந்தார். முதுகில் மலை வேட்டைக்கான பை. அது அவர் தலைக்கு மேல் ஒரு முழம் எழும்பி, விளக்கை முட்டிக்கொண்டிருந்தது. குனிந்து முள்ளைப் பார்க்கலாம் என்றால் பை அவரை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்துவிடும். ஆகையால் பார்க்கும் பொறுப்பு மனைவி வெர்னாவுடையது. அவள் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு மெஷினில் இடிக்கப் பார்த்தாள்.

"இருநூத்தி அம்பத்தெட்டு."

ஆர்லோவின் முகம் வெளுத்தது. அவருடைய எடை நூற்று எழுபத்தைந்து பவுண்டு. அது அவருக்குத் தன் பெயரைப் போல நிச்சயம். கழித்தால், பை மட்டும் எண்பத்து மூன்று!

"நான் செத்தேன், வெர்னா."

"பையை மட்டும் தனியா வெச்சுப் பாருங்களேன்."

"வெச்சா முள்ளையே மறைச்சுடும். மொத்தத்துல என்னைக் கழிச்சா மிச்சம் பைதானே? இது கணக்கு. கணக்கு பொய் சொல்லாது."

"சரி, கழிச்சுக்குங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

ஆர்லோ சாகப் போவதாகச் சொன்னதற்குக் காரணம் ஹர்லன். வெர்னாவின் அண்ணன். முப்பது வருஷமாக இலையுதிர் காலம் வந்தால் இருவரும் பிட்டர்ரூட் மலையில் எல்க் மான் வேட்டைக்கு ஏறுவார்கள். முகாமுக்கு ஹர்லன்தான் தலைவர், நியமித்தவரும் அவரே. வழக்கமாகச் சாமான்களைச் சுமக்கக் கோவேறு கழுதைகளை வாடகைக்கு விட்டவன், அவற்றை விற்றுவிட்டு அரிசோனா வெயிலுக்குக் குடிபோய்விட்டான். உடனே ஹர்லன் போனில் சட்டம் போட்டார்.

"இந்த வருஷம் அவனவன் சுமை அவனவன் முதுகுல, மாப்ள. நாப்பத்தஞ்சு பவுண்டு. ஒரு பவுண்டு கூடினாலும் அடிவாரத்துலயே வண்டிக்குக் காவலா உக்காந்துக்கோ. உன் இடத்துக்கு என் மருமகன் தயாரா நிக்கிறான்."

"பிராடியா? அவன் கலிஃபோர்னியாக்காரன் மச்சான்!"

"இருந்தா என்ன? ஆட்டுக்குட்டி மாதிரி மலை ஏறுறான். போன வருஷம் நீ அந்த மேட்டை ஏறி முடிக்கிறதுக்குள்ள மானுக்கு வயசாகி, பேரன் பேத்தி எடுத்து, அதுவாவே செத்துப் போச்சு."

முப்பது வருஷத்து இடம் எங்கிருந்தோ வந்த ஒரு கலிஃபோர்னியாக்காரனுக்கா! அந்த ஊரில் இதைவிடப் பெரிய அவமானத்துக்குப் பெயரே கிடையாது. கடைத்தெருவில் காபி குடிக்கப் போக முடியாது. தேவாலயத்தில் பின் வரிசையில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

ஆர்லோ அன்றே பையை மேசை மேல் கவிழ்த்தார். முதலில் இரும்பு வாணலிக்கு விடைகொடுத்தார். அடுத்தது ஒரு பெரிய கட்டி பாலாடைக்கட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சி, ஹக்கில்பெரி ஜாம், சாக்லேட். எல்லாம் வெளியே. வெளியே எடுத்ததை வீணாக்கலாமா? கவலை வந்தால் ஆர்லோவுக்குக் கை தானாக வாய்க்குப் போகும். பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டே யோசித்தார், பன்றி இறைச்சியை வறுத்துக்கொண்டே கவலைப்பட்டார், ஜாமைக் கரண்டியால் வழித்தபடி பெருமூச்சு விட்டார்.

மறுபடி மெஷின் ஏறினார்.

"இருநூத்தி அம்பத்தேழு," என்றாள் வெர்னா.

"என்னது? வாணலியே எட்டு பவுண்டு இருக்குமேடி!"

"நான் என்ன முள்ளைப் பிடிச்சா வெச்சிருக்கேன்?"

மெஷின் மேல் சந்தேகம் வந்தது. சமையலறையிலிருந்து இருபத்தைந்து பவுண்டு மாவு மூட்டையைத் தூக்கி வந்து வைத்தார். முள் பதவிசாக இருபத்தைந்தில் நின்றது. மெஷின் மேல் குற்றமில்லை. அப்படியானால் சாமான்தான் கனம். மிச்சம் உள்ளது எல்லாம் பழைய காலத்துச் சாமான். பாறையில் வெட்டியது போல இருக்கிறது.

வேட்டைச் சாமான் கடைக்கு ஓடினார். அங்கே டைட்டானியம் பாத்திரம், வெங்காயத் தோல் போன்ற கூடாரம், மூச்சு விட்டால் பறக்கும் தூக்கப் பை எல்லாம் இருந்தன. விலையைப் பார்த்தபோது அவருடைய மூச்சும் பறந்தது. எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அப்படியே இந்த வருஷத்து வேட்டை லைசென்ஸையும் புதுப்பித்துக்கொண்டார்.

"விவரம் எல்லாம் போன வருஷம் மாதிரியே போட்டுடவா?" என்றார் கடைக்காரர்.

"போடுங்க. முப்பது வருஷமா அதேதான். என்கிட்ட என்ன மாறியிருக்கு?"

சாமானுக்குப் பணம் புரட்ட ஆர்லோ ஒரு காரியம் செய்தார். கார் கொட்டகையில் சவப்பெட்டி நீளத்துக்கு இருந்த இறைச்சி ஃப்ரீசரை விற்றுவிட்டார்.

வெர்னா இடுப்பில் கை வைத்தாள். "ஃப்ரீசரை வித்து மான் வேட்டைக்குச் சாமான் வாங்கினீங்களா? மானை அடிச்சா எங்கே வெப்பீங்க, என் அலமாரியிலயா?"

"முதல்ல மலை ஏற விடுவாங்களான்னே தெரியல. மானைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"உள்ளே போன வருஷத்து எல்க் கறி பாதி கிடந்துச்சே?"

அதுதான் அடுத்த வம்பு. ஃப்ரீசர் இல்லாத வீட்டில் கறி காத்திருக்குமா? காலையில் வறுவல், மதியம் குழம்பு, சாயங்காலம் தொடைக்கறி என்று ஆர்லோ ஒரு சிங்கத்தைப் போல, ஆனால் சிங்கத்துக்கு இல்லாத கவலையோடு, தின்று தீர்த்தார். நாய்கூட இரண்டாவது நாளே போதும் என்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டது.

புதுச் சாமானோடு மெஷின் ஏறினார்.

"இருநூத்தி அம்பத்தாறு."

"ஐயோ!"

ஹர்லன் போன் செய்தார். "மாப்ள, பிராடி முப்பத்தெட்டுக்கு இறக்கிட்டான். நீ எங்கே நிக்கிறே?"

"நெருங்கிட்டேன் மச்சான்," என்று ஆர்லோ பொய் சொன்னார். தொண்டையில் கறித்துண்டு அடைத்தது.

அதன் பிறகு அவர் மனிதராகவே இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தார். கரண்டியில் ஓட்டை போட்டார். ஓட்டை பெரிதாகிவிட்டதால் அதில் சூப் குடிக்க முடியாது என்று சூப்பையே விட்டுவிட்டார். சட்டைகளில் கழுத்துப் பட்டி, ஜட்டியில் கம்பெனிப் பெயர் தைத்த துணுக்கு எல்லாம் கத்தரிக்குப் பலி. இடுப்புக்கு மேல் கோட்டு போட்டுத்தானே படுப்போம் என்று புதுத் தூக்கப் பையைக் குறுக்கே வெட்டினார். அதிலிருந்து ஆயிரம் வாத்துகளின் இறகு கிளம்பி வீடு முழுக்கப் பனி பெய்தது. வெர்னா தும்மித் தும்மி ஜன்னல் கண்ணாடியில் ஒரு விரிசல் விழுந்ததாகவும் கேள்வி.

"இன்னும் ஒரு இறகு என் சூப்புல விழுந்துச்சு, உங்களையும் பையையும் சேர்த்துப் பனியில தள்ளிடுவேன்!"

"முள்ளைப் பாரு வெர்னா. கடைசியா ஒரு தடவை."

"இருநூத்தி அம்பத்திரண்டு."

எழுபத்தேழு! ஆர்லோ பையைக் கழற்றிச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தார். வீசி ஆட்டிப் பார்த்தார். காற்றைத் தூக்குவது போலத்தான் இருந்தது.

"கைக்குக் கனமே தெரியலையே!"

"தெரியலைன்னா விட்டுடுங்களேன்."

"நீ டைட்டானியத்தைப் பத்தி என்ன கண்டே? கையை அப்படித்தான் ஏமாத்தும். முதுகுல ஏறினதும் நிஜ ரூபத்தைக் காட்டும்."

கூடாரத்தின் கம்புகளை எறிந்தார். கயிறுகளை எறிந்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உணவுப் பொட்டலங்கள் மொத்தத்தையும் எறிந்தார். எறிந்தது தன் வாய்க்குள்தான். மறுபடி மெஷின் ஏறும் தைரியம் வரவில்லை.

வேட்டை தொடங்கும் நாள் விடிந்தது. அடிவாரத்தில் உறைபனி. ஹர்லன் ஒரு பைன் மரக் கிளையில் கொக்கித் தராசைத் தொங்கவிட்டிருந்தார். மான் தொடைகளை நிறுக்கும் தராசு. பிராடி தன் பையை மாட்டினான். முப்பத்தெட்டு.

"அடுத்தது நீ, மாப்ள."

ஆர்லோவின் கோட்டுப் பொத்தான் இரண்டு ஏற்கெனவே எங்கோ தெறித்துப் போயிருந்தன. அதையெல்லாம் பார்க்கும் நிலையில் அவர் இல்லை. பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் வண்டிக்குக் காவல் இருக்கேன் மச்சான். சத்தமா மட்டும் படிக்காதே. பையன் முன்னால மானம் போயிடும்."

"ஒன்பது," என்றார் ஹர்லன்.

"என்ன ஒன்பது?"

"பவுண்டு. மொத்தமே ஒன்பது."

"உன் தராசு கெட்டுப் போச்சு! வீட்டுல எழுபத்தேழு. வெர்னா கண்ணால பார்த்தா!"

"இதே தராசுலதான் அங்கிள் என்னுதும் போட்டோம்," என்றான் பிராடி பணிவாக.

ஹர்லன் பையைத் திறந்தார். பாதித் தூக்கப் பை ஒன்று வந்தது. அப்புறம் குச்சியில்லாத பிரஷ், ஓட்டைக் கரண்டி, கம்பில்லாத கூடாரம்.

"சாப்பாடு எங்கேடா?"

"கனமா இருந்துச்சு."

"இதை வெச்சுக்கிட்டு மேலே போனா ஒரு ராத்திரி தாங்க மாட்டே. உன்னைக் கூட்டிட்டுப் போய் உறைஞ்ச கட்டையாத் திருப்பித் தந்தா என் தங்கச்சி என்னைத் தொங்கவிட்டு இதே தராசுல நிறுப்பா. வண்டியிலயே உக்காரு. பிராடி, கிளம்பு."

"மச்சான், ஒரே ஒரு கேள்வி." ஆர்லோவின் குரல் அழுகைக்கு வந்துவிட்டது. "வீட்டுல என் முதுகுல எழுபத்தேழு பவுண்டு இருந்துச்சு. இங்கே ஒன்பது. மிச்சம் அறுபத்தெட்டு பவுண்டு எங்கே போச்சு?"

ஹர்லன் தராசைக் கிளையிலிருந்து கழற்றி வண்டியில் போட்டார்.

அப்போது பச்சை வண்டி ஒன்று வந்து நின்றது. வேட்டை லைசென்ஸ்களைச் சோதிக்கும் வார்டன் டெல்லா இறங்கினாள். சின்ன வயது, பெரிய தொப்பி. மற்ற இருவரின் லைசென்ஸையும் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆர்லோவிடம் வந்தாள்.

"ஆர்லோ நட்சன். கண் நீலம், சரி. உயரம் சரி."

அடுத்த வரியில் அவள் விரல் நின்றது. தாளைப் பார்த்தாள். ஆர்லோவைப் பார்த்தாள். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அவரைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்து வந்து, எதிரே நின்றாள்.

"சார், இதுல நூத்தி எழுபத்தஞ்சு பவுண்டு ஆளுக்குத்தான் லைசென்ஸ் இருக்கு. மீதி ஆளுக்கு எங்கே?"