எங்கள் கொல்லையில் காய்த்த ஒரே ஒரு பீச்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கையும் இங்கே சுகம். அங்கே நீங்களும் உங்கள் நாற்றுப் பண்ணையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். ஏழு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் எழுதுகிறானே, ஏதாவது கெட்ட செய்தியோ என்று பதற வேண்டாம். செய்தி இதுதான்: பீச் காய்த்துவிட்டது.

எத்தனை என்று கேட்பீர்கள். ஒன்று. ஒன்றானாலும் பழம் பழம்தானே. உள்ளங்கை நிறைய இருக்கிறது, வெயில் படும் பக்கம் சிவந்திருக்கிறது, தொட்டால் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் இருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எதிர் வீட்டுக் கணக்கு டீச்சர், ரிட்டையர் ஆன பிறகும் யாருக்கும் முழு மார்க் போடாதவர், அவரே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழசைக் கிளறுவதாக நினைக்க வேண்டாம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் ஒட்டுக் கட்டுவதற்காக வெட்டி ஃபிரிட்ஜில் வைத்திருந்த குச்சிகள் வாடுகின்றன, ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று கூப்பிட்டது நீங்கள். முப்பத்திரண்டு வருஷம் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவன் நான்; கை வைத்தேன், குளிர்ந்தது. கொஞ்சம் கூடுதலாகவே குளிர்ந்தது. காலையில் உங்கள் இருநூறு குச்சிகளும் கல்லாக உறைந்து கிடந்ததற்கு ஃபிரிட்ஜை எப்படிக் குறை சொல்ல முடியும்? நீங்கள் கோபத்தில், “மாப்பிள்ளை, உங்க அடுப்பு ஊர்ல ஒரு பீச் காய்க்கட்டும், அன்னைக்கு வந்து சாப்பிடுறேன். அதுவரைக்கும் உங்க வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்” என்றீர்கள். அடுத்த மாதமே பீச் ஒன்றும் பிளம் ஒன்றுமாக இரண்டு கன்றுகள் பார்சலில் வந்தன, கடிதம் இல்லாமல். சவால் விடுகிறார் என்று புரிந்துகொண்டேன். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவனா நான்?

நட்டேன். தளதளவென்று வளர்ந்தன. ஆனால் பூவைக் காணோம். இந்த மரங்களுக்குக் குளிர்காலத்தில் இத்தனை மணி நேரம் குளிர் வேண்டும், அப்போதுதான் தூங்கி எழுந்து பூக்கும் என்று கணக்கு டீச்சர் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். குளிர் வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும்? என்னிடம் அல்லவா! முதலில் இலை உதிராமல் மரம் எப்படித் தூங்கும் என்று நானும் உங்கள் தங்கையும் ஏணி போட்டு ஒவ்வொரு இலையாகக் கிள்ளினோம். மொட்டையாக நின்றதைப் பார்த்து டீச்சர் தலைகுனிந்து, எப்போது ஆயிற்று என்று துக்கம் விசாரித்தார். அடுத்து ஐஸ் பாளங்களை வாங்கி வந்து மரத்தைச் சுற்றி அடுக்கினேன், அது உருகி வாசல்வரை ஓடி, அதே டீச்சர் வழுக்கி உட்கார்ந்து, எழுந்த பிறகும் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகுதான் நிஜமான யோசனை வந்தது: பழைய ஃபிரிட்ஜ் கதவுகள் நான்கைக் கழற்றி பீச்சைச் சுற்றி நிறுத்தி, ஒரு கம்பிரஸரை மாட்டி, மரத்துக்கென்றே ஒரு குளிர் அறை கட்டினேன். கன்றுகளோடு தொங்கிக்கொண்டிருந்த அலுமினியத் தகடுகள் இரண்டையும் மடித்துக் கம்பிரஸர் ஆடாமலிருக்க அடியில் முட்டுக்கொடுத்தேன், மிகவும் உதவியாக இருந்தன, அதற்கும் நன்றி. எங்கள் தெருவில் நான்கு முறை மின்சாரம் போனது உண்மைதான். உங்கள் தங்கை மரத்தடிக் குளிரில் பாலும் வெண்டைக்காயும் கெடாமலிருக்க வைக்க ஆரம்பித்ததும் உண்மைதான். ஊர் வாயை மூட முடியாது, விட்டுவிட்டேன்.

பிளம் மரத்தைச் சும்மா விட்டேன், அது பூத்தது. உங்கள் தங்கையின் தலைச்சாயப் பிரஷ்ஷை நன்றாகக் கழுவி, ஏறக்குறைய நன்றாகக் கழுவி, பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைத்தேன். அத்தனையும் உதிர்ந்தது. அந்த மரத்துக்கு என்ன குறையோ தெரியவில்லை.

போன வருஷம் கம்பிரஸர் புகைந்து நின்றது. கதவுகளைக் கழற்றிப் போட்டேன். இந்த வருஷம் பீச் காய்த்துவிட்டது! ஆறு வருஷமாக நான் ஏற்றிய குளிர் தண்டுக்குள்ளேயே தங்கியிருந்து இப்போது வேலை செய்திருக்கிறது. டீச்சர் இதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அசந்துபோய்விட்டார் என்று நினைக்கிறேன்.

ஆகவே மச்சான், வாக்கு வாக்குதான். வந்து சாப்பிட்டுவிட்டு, தோற்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். கேட் சத்தம் கேட்டால் உங்கள் தங்கை இன்றைக்கும் எட்டிப் பார்க்கிறாள். யார் என்று நான் கேட்டால், பூனை என்கிறாள். ஏழு வருஷமாக அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்தப் பழத்துக்காக நான் பட்ட பாடெல்லாம் உங்களை ஜெயிப்பதற்காக மட்டும் இல்லை.

உங்கள் உடம்புக்கும் பண்ணைக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். உங்கள் தங்கையின் அன்பையும் என் வணக்கத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பீச் காய்க்க வைத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நீங்கள் வருவீர்கள் என்று கொல்லையைப் பெருக்கப் போன உங்கள் தங்கை, செத்த கம்பிரஸரை நகர்த்தியிருக்கிறாள். அடியில் அந்தத் தகடுகள். பிரித்து, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால், ஆணியால் கீறிய உங்கள் கையெழுத்து. புது சாமானின் பெட்டியோடு வரும் விளக்கக் காகிதத்தை ஒருநாளும் படித்துப் பழக்கமில்லாதவன் நான், உங்களுக்குத் தெரியும். அவள் படித்தாள். ஒன்றில்: “பீச். சூட்டு நிலத்து ரகம். கூடுதல் குளிர் வேண்டாம். வெயிலில் சும்மா விடவும். மூன்றாம் வருஷம் காய்க்கும்.” மற்றதில்: “பிளம். தனியாகக் காய்க்காது. ஜோடிக் கன்று என்னிடம் இருக்கிறது. பீச் சாப்பிட வரும்போது கொண்டுவருகிறேன்.”

படியில் உட்கார்ந்து இரண்டு தகடுகளையும் மறுபடி படித்தாள். அப்புறம், “அண்ணன் நாலு வருஷத்துக்கு முன்னாடியே வர்றதாத்தான் இருந்திருக்காரு. நீங்கதான் கதவைச் சுத்தி வெச்சு நிறுத்திட்டீங்க” என்றாள். எழுந்து போய்ப் பழத்தைப் பறித்து, பாதியைத் தின்றுவிட்டு, மீதியை என் கையில் வைத்தாள். “இனிமே வர்றதுன்னா என்னைப் பார்க்க வரட்டும்.”

பழம் நன்றாக இருந்தது. சாட்சிக்குக் கொட்டை மட்டும்தான் இருக்கிறது. மேலே குளிரைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அந்த இருநூறு குச்சிகளுக்காக என்னை மன்னிக்கவும். பிளம் மரம் ஜோடியில்லாமல் நிற்கிறது. கன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள், மச்சான். தகட்டைப் படித்துவிட்டுத்தான் நடுவேன்.