மாப்பிள்ளையின் மார்பளவு 42

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் தையல் கடையிலிருந்து எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம். பதிலுக்கு உங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் அதை விசாரிக்கத்தான் இந்த முழுக் கடிதமும் என்பதால், எடுத்த எடுப்பில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசலாமே என்பீர்கள். உங்கள் போனை முக்கால்வாசி நேரம் எங்கள் பெண் பாப்பாதான் எடுக்கிறாள். கம்ப்யூட்டரில் பேசலாமென்றால் என் தோளை இடித்துக்கொண்டு அத்தை உட்கார்ந்துவிடுகிறாள். ஆபீஸ் முகவரிக்கு எழுதலாம் என்று உறையில் பாதி விலாசம் எழுதி, பிறகு கிழித்துப் போட்டேன். ஏன் கிழித்தேன் என்பது போகப் போகத் தெரியும். ஆகவே இந்தக் கடிதம் ஒரு புதுச் சட்டையின் பைக்குள் வருகிறது. ஆம்பிளைகளின் புதுச் சட்டைப் பைக்குள் எந்தப் பெண்ணும் கைவிட்டுப் பார்ப்பதில்லை என்பது என் முப்பத்தைந்து வருடத் தொழில் அனுபவம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாப்பாவைத் தினமும் பார்த்துப் பேச வேண்டும் என்று எங்களுக்காக நீங்களே உட்கார்ந்து பாகம் பாகமாகச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்தீர்கள். அகலமான திரை வாங்கி, உங்களுடைய பழைய கிராபிக்ஸ் கார்டையும் உள்ளே மாட்டி, "மாமா, அகலத்துல ஆயிரத்து அறுநூத்தி எண்பது புள்ளி, உயரத்துல ஆயிரத்து ஐம்பது. இதை மட்டும் மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் அதைத் துணியில் கோடு போடுகிற சாக்கால் சுவரில் 1680 × 1050 என்று எழுதி வைத்தேன். ரெசல்யூஷன் என்றால் என்ன என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. நெடுக்கே பாவில் இத்தனை இழை, குறுக்கே ஊடையில் இத்தனை இழை, அவ்வளவுதான். இழை கூடக் கூடத் துணி மெல்லிசு, இழை குறைந்தால் கோணிச்சாக்கு. இதை நான் சொன்னபோது நீங்கள் சிரிக்காமல், "சரிதான் மாமா" என்றீர்கள். உங்களை எனக்குப் பிடித்துப்போனது பெண் பார்க்க வந்த அன்றைக்கு அல்ல, அந்த நிமிஷம்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் பெட்டிக்குள்ளிருந்து கிறீச் கிறீச் என்று சத்தம் வந்தது. கிறீச்சென்று எது கத்தினாலும் எண்ணெய் விடுவது என் கைக்குப் பழகிப்போனது. பெட்டியைத் திறந்தேன், உங்கள் கார்டின் மேல் இருக்கிற குட்டி விசிறிதான் கத்தியது. மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். இரண்டோடு நிறுத்தியிருக்கலாம், கை தாராளம். வழிந்ததைத் துடைக்கக் கார்டைக் கழற்றி, ஃபிளானல் துணியால் துடைத்து, மறுபடி மாட்டினேன். திரை இருட்டாக இருந்தது. பெட்டியின் முதுகில் அதே மாதிரி இன்னொரு ஓட்டை இருந்ததால் ஒயரைப் பிடுங்கி அதில் சொருகினேன், படம் வந்துவிட்டது. வந்தது மட்டுமில்லை, எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக வந்தது. உங்கள் அத்தை கண்ணாடி இல்லாமலே படித்தாள். எண்ணெய் போட்டதில் கம்ப்யூட்டருக்குத் தெம்பு வந்துவிட்டது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். தினமும் காலையில் 1680, 1050 என்று ஏதோ ஒரு அறிவிப்பைத் திரை காட்டும். அதுதான் சுவரிலேயே இருக்கிறதே என்று மூடிவிடுவேன்.

அன்றிலிருந்துதான் நீங்களும் பாப்பாவும் பூரிக்க ஆரம்பித்தீர்கள். கன்னம் உப்பி, கழுத்து பருத்து, பார்க்கவே நிறைவாக இருந்தது. அத்தை ஒவ்வொரு நாளும் பேசி முடித்ததும், "ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க, உடம்பே சொல்லுதே" என்பாள். உங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரம் கோழி முட்டையைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. தட்டு, டம்ளரின் வாய், பாப்பாவின் நெற்றிப் பொட்டு எல்லாமே அப்படித்தான். உங்கள் ஊரில் இப்போது இதுதான் நாகரிகம் போலிருக்கிறது என்று அத்தையிடம் நானே விளக்கம் வேறு சொன்னேன். அளவெடுத்தே பிழைப்பு நடத்துகிறவன், வட்டமான பொட்டு எப்படி நீளும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை பாருங்கள்.

பிறகு சட்டை தைக்கிற ஆசை வந்தது. கல்யாண அளவு இனி ஆகாது என்று, உங்களை ஓர் அடி ஸ்கேலை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, திரையின் மேல் டேப்பை வைத்துக் கணக்குப் போட்டேன், ஞாபகம் இருக்கும். படுக்கப் பிடிக்கச் சொல்லியிருந்தால் ஸ்கேலும் சேர்ந்து நீண்டு உண்மை வந்திருக்கும். நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னதுதான் வினை. மார்பு நாற்பத்திரண்டு, தோள் இருபத்தொன்று என்று வந்தது. என் அளவு நோட்டில் கல்யாணத்தின்போது மார்பு முப்பத்தெட்டு, தோள் பதினேழரை. சாப்பாட்டால் மார்பு பெருக்கும், தோள் எலும்பு பெருக்காது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கல்யாண அவசரத்தில் நான்தான் தப்பாக அளந்திருப்பேன் என்று, திரையை நம்பி என்னைச் சந்தேகப்பட்டேன். நாலு சட்டை தைத்து அனுப்பினேன். ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, "கச்சிதமா இருக்கு மாமா" என்றீர்கள். திரையிலும் கச்சிதமாகத்தான் இருந்தது. தெருமுனை இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்தால் பாதை மாறிப் போகிற அளவுக்கு உங்கள் நாற்பத்திரண்டு அங்குல மார்பைப் பற்றி அவரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குட்டு வெளிப்பட்டது. கீபோர்டில் இரண்டு கட்டை அமுங்கவில்லை என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பெண்ணை வரச் சொல்லியிருந்தேன். அவள் கீபோர்டைத் தொடவே இல்லை. திரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து விரலால் தொட்டு மோந்து பார்த்து, "அங்கிள், இது தையல் மிஷின் இல்ல" என்றாள். கார்டு அதன் இடத்தில் முழுசாக உட்காரவே இல்லையாம். கார்டு இல்லாத குறைக்கு உள்ளே இருக்கிற சாதாரணச் சரக்கு, ஆயிரத்து இருபத்தி நாலுக்கு எழுநூத்தி அறுபத்தெட்டு என்கிற பழைய அளவில் படம் காட்டியிருக்கிறது. அது அந்தக் காலத்துச் சதுர மூஞ்சித் திரைக்கு வகுத்த அளவு. அகலத் திரை அதைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பியிருக்கிறது, தலையணை உறையை இழுத்து மெத்தைக்கு மாட்டின மாதிரி. அவள் கார்டைத் துடைத்து அமுக்கி உட்கார வைத்து ஒயரைப் பழைய இடத்தில் மாட்டினாள். சரியாக அந்த நேரம் பாப்பா கூப்பிட்டாள்.

அத்தை திரையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள். "என்னடி, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று ஒரே அழுகை. "நேத்துதானேம்மா பேசினோம்" என்று பாப்பா முழிக்கிறாள். ஒரே நாளில் பெண் இப்படி ஆனால் எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்? அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பப் பையை எடுத்துவிட்டாள். நான் அந்த ரிப்பேர்காரப் பெண்ணிடம் படத்தை இரண்டு அளவிலும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, உங்கள் கடிகாரத்தை டேப் போட்டு அளந்தேன். பழைய அளவில் அகலம் ஆறு, உயரம் ஐந்து. புதிய அளவில் ஐந்துக்கு ஐந்து, அச்சு வட்டம். ஆறில் ஒரு பங்கு பொய் என்று அத்தைக்கு விளக்கி, நோட்டை எடுத்துக் காட்டி, பாப்பா கல்யாணத்தன்று இருந்த மாதிரியேதான் இருக்கிறாள் என்று நிரூபித்த பிறகுதான் பையைக் கீழே வைத்தாள்.

அதற்குள் உங்கள் வீட்டு வாசலில் யாரோ மணி அடித்தார்கள். நீங்கள் எழுந்து கதவைத் திறக்கப் போனீர்கள் மாப்பிள்ளை. போகும்போது முதுகைக் காட்டினீர்கள். நான் தைத்த ஊதாச் சட்டை, பின்பக்கம் கொத்தாகச் சேர்த்துப் பிடித்து, துணி காயப்போடுகிற கிளிப் நாலு. இரண்டு நீலம், இரண்டு மஞ்சள். திரும்பி வந்து அதே சிரிப்போடு உட்கார்ந்தீர்கள். கிழவன் மனசு நோகக்கூடாது என்று நாலு சட்டைக்கும் கிளிப் போட்டுக்கொண்டு, முதுகில் உறுத்த உறுத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து என்னோடு பேசியிருக்கிறீர்கள். பெற்ற மகன் செய்வானா என்று எனக்குத் தெரியாது, எனக்கு மகன் இல்லை. இல்லாத குறையை அன்றைக்கு நான் உணரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். இழை கூடினதும் துணியில் உள்ள பிசிறும் தெரியும் அல்லவா? உங்களுக்குப் பின்னால் மேஜையில் உங்கள் வேலைப் பெட்டி, பக்கவாட்டில் கண்ணாடி வைத்தது, இத்தனை நாள் ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது. இப்போது உள்ளே வரை தெரிந்தது. கார்டு உட்கார்கிற இடத்தை ஐந்து நிமிஷம் முன்புதான் பார்த்துக் கற்றிருந்தேன். உங்கள் பெட்டியில் அந்த இடம் காலி. விளம்பரப் படம் செய்கிறவருக்கு அந்தப் பெரிய கார்டு எவ்வளவு முக்கியம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ரிப்பேருக்குப் போயிருக்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தப் பெண்ணை வாசல் வரை கொண்டுவிடும்போது, யாரோ தெரிந்தவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டேன். "படம் பண்றவங்க எதை வித்தாலும் கார்டைக் கடைசியாத்தான் விப்பாங்க அங்கிள்" என்றாள். உள்ளே வந்து கணக்குப் போட்டேன். நாற்பத்திரண்டை ஆறால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் முப்பத்தைந்து. நோட்டில் முப்பத்தெட்டு. பாப்பாவின் உடம்பில் ஓர் அங்குலமும் குறையவில்லை, உங்கள் உடம்பில் மூன்று அங்குலம் காணவில்லை. நாங்கள் உங்களைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த ஐந்து மாதமும் நீங்கள் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறீர்கள். அதனால்தான் ஆபீஸ் முகவரி எழுதிய உறையைக் கிழித்தேன். தப்பாக யூகித்திருந்தால் என்னை மன்னித்து, இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடுங்கள்.

சரியாக யூகித்திருந்தால், யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை செய்த யூனிபாரம் கம்பெனியை மூடினார்கள். பாப்பா கைக்குழந்தை. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. எட்டு மாதம் தினமும் காலையில் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி, ரயில் நிலையத்தில் மூன்றாவது நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இங்கே கிடைத்த சில்லறைத் தையலை அந்தப் பெஞ்சிலேயே கையால் தைத்துக் காலத்தை ஓட்டினேன். உடம்பு இளைத்தது தெரியக்கூடாது என்று என் சட்டைகளை நானே உள்பக்கம் பிடித்துத் தைத்துக்கொண்டேன். பிறகு இந்தக் கடை அமைந்தது, எல்லாம் சரியாயிற்று. உங்கள் அத்தைக்கு இன்றுவரை தெரியாது. அவள் நிம்மதியாக இருந்தாள், அதுதான் எனக்குப் பலம். ஆகவே நீங்களும் பாப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆம்பிளைகள் நாம் இருவரும் பார்த்துக்கொள்வோம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், நான் கேட்பது அது ஒன்றுதான்.

சட்டைக்குள் ஃபிளானல் துணியில் சுற்றி உங்கள் பழைய கார்டை வைத்திருக்கிறேன். எண்ணெயை அந்தப் பெண் சுத்தமாகத் துடைத்துவிட்டாள். இதை வைத்துக்கொண்டுதான் நீங்கள் ஆரம்ப காலத்தில் படம் செய்தீர்கள் என்று சொல்வீர்கள், மறுபடி ஆரம்பிக்கவும் இது போதும் என்று நினைக்கிறேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாங்கள் பழைய குண்டுப் படத்திலேயே உங்களைப் பார்த்துக்கொள்கிறோம். சட்டை முப்பத்தைந்துக்குத் தைத்தது. உள்தையலில் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் துணி விட்டிருக்கிறேன். உடம்பு தேறத் தேறப் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டுப் படிக்கவும். பார்சல் கட்டுமுன் சட்டைக்கு இஸ்திரி போட எடுத்த உங்கள் அத்தை, பை மொடமொடவென்று இருக்கிறதே என்று கைவிட்டு, கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். படித்துவிட்டுக் கடைக்குள் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "எட்டு மாசம் உங்க சட்டையில யூனிபாரத் துணிப் பிசிறு ஒண்ணுகூட ஒட்டாம வீட்டுக்கு வந்தீங்க. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?" என்றாள். தெரிந்து ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். பாப்பாவுக்கும் உங்கள் விஷயம் தெரியுமாம். போன மாதமே அத்தையிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவராக வந்து சொல்லட்டும் என்று ஒவ்வொரு நாள் சாயங்காலமும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாளாம். அத்தை எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எம் பொண்ணை என்னை மாதிரி இருபத்தாறு வருஷம் காக்க வைக்க வேணாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க."