தலைவர் காரின் மடக்குக் கூரை

தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகள் பாடுபட்டது. அந்தக் கூரையைப் பொத்தானை அழுத்திப் பின்னால் மடக்கிப் போட்டுவிடலாம் என்று கண்டுபிடித்த நாளில்தான் நாகரிகம் பிறந்தது. அந்த நாகரிகத்தைக் கோயமுத்தூரில் கட்டிக் காத்துவருபவர், எங்கள் ‘கொங்கு பாரம்பரிய மோட்டார் கார் பாதுகாப்புக் கழக’த் தலைவர் வின்ஸ்டன் அவர்கள். அடியேன் அதன் செயலாளர்.

கணபதியில் அவர் வீட்டு ஷெட்டில் நிற்பது, அறுபதுகளில் அமெரிக்காவில் பிறந்த நீலக் கார். பொத்தானை அழுத்தினால் பின்சீட்டுக்குப் பின்னால் மோட்டார் உறுமும். இரு பக்கமும் இரும்புக் கைகள் எழுந்து, துணிக்கூரையைத் தூக்கிவந்து முன்கண்ணாடி விளிம்பில் பொருத்தும். சட்டப்படி அப்படி. நடைமுறையில் இடது கை முந்தும், வலது கை பிந்தும். கூரை கோணிக்கொண்டு வந்து, கொக்கி துளையில் சேராமல் விரலகலம் தள்ளி நிற்கும். தலைவர் எக்கி இழுத்துப் பூட்டுவார்.

அவருடைய ஒரே மகள் கிளாடிஸ், பம்பு கம்பெனியில் இன்ஜினியர். ஒருநாள் குனிந்து பார்த்தாள்.

“அப்பா, எடது பக்கத் தாங்கி நகந்துபோச்சுங்க. ரெண்டு போல்ட்டை லூஸ் பண்ணி, வலது பக்கத்துக்குச் சமமா வெச்சு முடுக்குனாப் போதும். இல்லீன்னா ஒருநாள் பாதியில நின்னுக்கும். ஸ்பேனர் எடுத்துட்டு வாரேன்.”

“தொடாதே கண்ணு. அது கம்பெனியில முடுக்குன போல்ட்டு. அதுக்கப்புறம் மனுசக் கை பட்டதில்ல.”

“கம்பெனியில முடுக்குனதும் மனுசன்தானுங்களே?”

“அவன் அமெரிக்காக்காரன்,” என்றார் தலைவர்.

பிரச்சினையின் ஆழம் கருதிக் கழகத்தின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. போண்டா சூடாக இருந்தது. ‘அசல் தன்மை’ என்ற சொல்லை ஒவ்வொருவரும் எழுந்து நின்று உச்சரித்தோம். பழைய ஜீப் வைத்திருக்கும் காளிச்சாமி மட்டும், “ஏனுங்க, கூரைன்னா மூடோணுமல்லங்க?” என்று கேட்டார். அது கூட்டப் பொருளில் இல்லை என்று உட்கார வைத்தோம். பிறகு, ‘கோணல் என்பது குறைபாடு அன்று, காலம் இட்ட கையெழுத்து’ என்று தீர்மானம் நிறைவேறியது.

இதற்குள் கிளாடிசுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கருமத்தம்பட்டி மாதா கோயிலில் திருமணம். மணமகள் திறந்த காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்றார் தலைவர்.

“ஐப்பசி மழைங்க அப்பா.”

“அதுக்குத்தானே பொத்தான் இருக்குது.”

வீடியோவில் சாதாரண வாகனம் எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று சொந்தபந்தங்களை முன்னாலேயே பஸ்ஸில் அனுப்பிவிட்டார். காரை அவர் ஓட்ட, பக்கத்தில் நான் கேமராவோடு. பின்சீட்டில் வெள்ளைப் பட்டும் முக்காடுமாகக் கிளாடிசும், அவள் அம்மா அருள்செல்வியும். அவிநாசி ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேகமும் பார்த்தது.

நீலாம்பூர் தாண்டியதும் மழை கொட்டியது. தலைவர் ஓரம் கட்டி, பெருமிதத்தோடு பொத்தானை அழுத்தினார். இடது கை எழுந்தது. வலது கை யோசித்தது. கூரை முறுக்கிக்கொண்டு பாதியில் நின்றது. மூடவும் இல்லை, மடங்கவும் இல்லை. மோட்டார் மட்டும் உறுமியது.

“இப்படியே ஓட்டுங்க, கொஞ்ச தூரந்தானே?” என்றார் அருள்செல்வி.

“காத்துல துணி கிழிஞ்சுபோகும். அசல் துணி.”

“டிக்கியில ஸ்பேனர் இருக்குதுங்களாப்பா? நான் பாக்கறேன்,” என்றாள் கிளாடிஸ்.

“ஈரக் கையோட தொடாதே.”

மகளுக்கென்று வைத்திருந்த பெரிய குடையைத் தலைவர் எடுத்து விரித்தார். மோட்டார் இருக்கும் இடத்துக்கு மேல் பிடித்தார். தன் கோட்டைக் கழற்றி ஸ்டியரிங்கின் மேல் போர்த்தினார். அப்புறம் மகளைப் பார்த்தார். முகம் கனிந்தது.

“கண்ணு, சேலையில தண்ணி சொட்டுது பாரு. சீட்டு தோலு. கொஞ்சம் எறங்கி நின்னுக்கோ.”

கிளாடிஸ் கதவைத் திறந்தாள். இறங்கினாள். முக்காட்டைக் கழற்றிப் பிழிந்தாள். அம்மாவும் இறங்கிக்கொண்டார்.

விசைத்தறித் துணி ஏற்றிய டெம்போ ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்த மயிலாத்தாள் எட்டிப் பார்த்து, “ஏனுங் அம்மணி, கல்யாணப் பொண்ணு மழையில நிக்கறீங்க? ஏறிக்குங்க,” என்றாள். அந்த டெம்போவின் சரக்கின் மேல் சாதாரணத் தார்ப்பாய். மோட்டாரும் இல்லை, பொத்தானும் இல்லை. நான்கு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளே துணி காய்ந்து கிடந்ததாம்.

“நீங்க வரலீங்களா அப்பா?”

“வண்டிய உட்டுட்டு எப்படிக் கண்ணு?”

கோயிலில் கிளாடிசின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றது அருள்செல்விதான். தலைவரும் நானும் இழுவை வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது பந்தியில் கடைசி வரிசை எழுந்துகொண்டிருந்தது.

மறுவீட்டுக்கு வந்த கிளாடிஸ் யாரையும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குள் இறங்கினாள். இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, தாங்கியை நகர்த்தி, முடுக்கினாள். மழையன்று கூரை முறுக்கியதில் வளைந்த கம்பியையும் நிமிர்த்தினாள். பொத்தானை அழுத்தினாள். கைகள் இரண்டும் சேர்ந்து எழுந்தன. கொக்கி துளையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. தலைவர் ஓடிவந்து டார்ச் அடித்துப் போல்ட்டுகளைப் பார்த்தார்.

“கீறல் உழுந்திருக்குதே கண்ணு,” என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு கிளம்பிவிட்டாள். கழகம் இதை விசாரித்து, ‘காலப்போக்கில் கூரை தானாகச் சீரடைந்தது’ என்று பதிவு செய்தது. கொட்டும் மழையில் காரைவிட்டு அகலாத தலைவருக்குச் ‘சிறந்த பாதுகாவலர்’ விருது வழங்கவும் முடிவானது. பாராட்டுரை எழுதும் பொறுப்பு எனக்கு. ‘பெற்ற பிள்ளையைப் போலக் காரைக் காத்தவர்’ என்று உருக்கமாக எழுதி, அருள்செல்வியிடம் வாசித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அப்படி எழுதாதீங்க. பெத்த புள்ளையைப் போலப் பாத்திருந்தா, அந்தக் காரு அன்னிக்குக் குடையில்லாம நனைஞ்சிருக்குமுங்க.”