சிறார் பாதுகாப்புக் குழுவின் கௌரவப் பக்கம்

இணையம் என்னும் அரக்கனை உலகத்திலேயே முதன்முதலில் மண்ணைக் கவ்வ வைத்த ஊர் மெர்லிமாவ். அமெரிக்காக்காரன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான், அவனுக்குப் பொறாமை. 1998-இல் அந்த வட்டாரத்தில் கணினி வைத்திருந்த தமிழ் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'தமிழ்ச் சிறார் இணையப் பாதுகாப்பு நடவடிக்கைக் குழு'வின் துணைத் தலைவர்களைத்தான் அப்படி எண்ண முடியாது.

தலைவர் நல்லமுத்து, தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் 'மௌஸை' ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறார், அதுவும் தூசி துடைக்க. கை கறைபடாதவரே தலைமைக்குத் தகுதியானவர் என்று குழு ஏகமனதாக முடிவு செய்திருந்தது. தம் வீட்டுக் கணினியை அவர் முருகன் படத்துக்கு நேர் எதிரே வைத்திருந்தார். முருகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த ஆபாசத்துக்குத் திரையில் தலைகாட்டத் துணிச்சல் வரும்?

குழுவின் முதல் சாதனை உறுதிமொழி விழா. கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று, பெயர், பள்ளி, முகவரி, தொலைபேசி எண் எதையும் முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதில்லை என்று கற்பூரத்தின் முன் சத்தியம் செய்தார்கள். நல்லமுத்துவின் பன்னிரண்டு வயது மகள் பவானேஸ்வரியும், துணைத் தலைவர்களில் மூத்தவரான சாமிக்கண்ணுவின் மகள் மோகனாவும் முன்வரிசையில் நின்றார்கள். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கௌரவிக்காமல் விடலாமா? பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் பத்திரிகையில் படம் போடுவது நம் வழக்கம். படத்தின் கீழே அப்பா, அம்மா, வீட்டு முகவரி எல்லாம் வரும். கதவு எண் விட்டுப்போனால் அந்த வாழ்த்து யாருக்கும் ருசிக்காது. அதையே உலக அளவில் செய்வதென்று தீர்மானம் நிறைவேறியது. தெங்கேராவில் கணினிக் கடை வைத்திருந்த நிவேந்திரன் இணையத்தில் ஒரு 'கௌரவப் பக்கம்' அமைத்துக் கொடுத்தான். திரையின் குறுக்கே ரிப்பன் கட்டித் தலைவர் கத்தரித்தார். ரிப்பனோடு ஒரு ஒயரும் போய்விட்டதால் விழா சற்றுத் தாமதமாகத் தொடர்ந்தது.

சத்தியம் செய்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வண்ணப் படம், முழுப்பெயர், செல்லப்பெயர், பள்ளி, முகவரி, தொலைபேசி எண். மகளைப் பற்றிய வரிகளை நல்லமுத்து தாமே எழுதினார்: 'தாய் தந்தை இருவரும் வேலைக்குச் சென்றிருக்க, மாலை ஆறு மணிவரை வீட்டில் தன்னந்தனியாக இருந்தும் கணினியைத் தொடாத உத்தமி.'

"அப்பா, இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுதானே சத்தியம் வாங்குனீங்க?" என்று கேட்டாள் பவானேஸ்வரி.

"நீ சொன்னாத்தாம்மா தப்பு. இது கமிட்டி சொல்றது."

பக்கத்தின் அடியில் பார்வையாளர் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. எங்கெங்கிருந்தோ முகம் தெரியாத ஆட்கள் வந்து நம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று குழு பூரித்து லட்டு வழங்கியது. மாநில அளவில் விருது ஒன்று வரப்போவதாகவும் பேச்சு அடிபட்டது.

ஒரு மதியம் நல்லமுத்து வீட்டுத் தொலைபேசி அடித்தது. பவானேஸ்வரி எடுத்தாள். யாரோ ஓர் ஆள், 'பவாக்குட்டி' என்று செல்லப்பெயர் சொல்லி அழைத்து, அம்மா வர இன்னும் நேரமாகும் இல்லையா என்று விசாரித்தான். மறுநாள் அவனே சாக்லெட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து கேட்டை ஆட்டினான். பவானேஸ்வரி சமையலறை வழியாக ஓடிப் பக்கத்து வீட்டு இருசம்மாளிடம் போய்ச் சேர்ந்தாள். இருசம்மாள் துடைப்பத்தோடு வெளியே வந்ததைப் பார்த்ததும் அவன் பறந்துவிட்டான். விஷயம் கேட்ட நல்லமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

குழு கோயில் மண்டபத்தில் அவசரமாகக் கூடியது. இரகசியத்தை வெளியே விட்டது யார் என்பதே ஒரே நிகழ்ச்சி நிரல். பவானேஸ்வரியை நடுவில் நிறுத்தி, யாரிடம் வாய் தவறினாள் என்று சாமிக்கண்ணு கனிவோடு குறுக்கு விசாரணை செய்தார்.

"நான் ஒண்ணுமே சொல்லல மாமா. எல்லாம் அந்த ஆளே சொன்னான். கௌரவப் பக்கத்துல படிச்சானாம்லா."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் ஒரு கணம் விருதை நினைத்தார், ஒரு கணம் வாசல் கேட்டை நினைத்தார். பிறகு எழுந்தார்.

முன்பின் தெரியாதவனோடு இந்தப் பெண் தொலைபேசியில் பேசியிருக்கிறாள், உறுதிமொழி மீறப்பட்டுவிட்டது, கௌரவப் பக்கத்தில் இருக்கும் தகுதியை அவள் இழந்துவிட்டாள் என்று முழங்கினார். அவள் படத்தையும் விவரத்தையும் உடனே நீக்க வேண்டுமாம். சாமிக்கண்ணு பதறிப்போனார்.

"சின்னப் பிள்ள தலைவரே. ஒரு வாரம் தவணை குடுத்துப் பாப்போம்லா."

"ஒரு நிமிஷம்கூட முடியாது" என்றார் நல்லமுத்து.

அங்கிருந்தே நிவேந்திரனுக்குப் போன் போட்டு, அவன் நீக்கிவிட்டேன் என்று சொல்லும்வரை ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. பெற்ற மகளென்றும் பாராத அந்த நீதியைக் கண்டு மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவர் சாமிக்கண்ணு. இனி விருது நிச்சயம் என்றும் அவரே சொன்னார்.

வீடு திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த பவானேஸ்வரி அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, மோகனா படம் இன்னும் இருக்கேப்பா. அவளும் தனியாத்தான் இருப்பா."

தலைவர் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"மோகனா என்னம்மா தப்பு செஞ்சா, எடுக்கறதுக்கு?"