மோப்பம் மேஸ்திரியும் சிவப்பு பைபர் காரும்

வேலைக்கு ஆள் எடுக்கும்போது கையைப் பார்க்கிற மேஸ்திரி உண்டு, உடம்பைப் பார்க்கிற மேஸ்திரி உண்டு. தலையை மோந்து பார்த்தவர் இந்த உலகத்திலேயே எங்கள் மோப்பம் மேஸ்திரி ஒருவர்தான். ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் அவர் கார்களுக்குப் பெயின்ட் அடித்தார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் புத்தகத்தில் இருந்திருக்கும். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே.

காலையில் ஷெட் வாசலில் நிற்பார். ஒரு முழம் தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை மட்டும் நீட்டுவார். தேங்காயெண்ணெய் வாசம் வந்தால் ஆண், பெண், முதலாளி என்று பார்க்க மாட்டார். வீட்டுக்குப் போ என்று விடுவார். எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் உட்காராதாம், விலகி விலகி மீன்கண் மாதிரி வட்டமாய்த் திறந்துகொள்ளுமாம். நைலக்ஸ் புடவையும் கூடாது, அது தூசியை இழுத்து வருமாம். எண்ணெயில்லாத தலை, பூவில்லாத கொண்டை, வெளுத்த நூல் புடவை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, காரியம் என்றைக்கு என்று கேட்பாள். முதலில் யாரும் சாகவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்புறம், எழுந்து இடம் கொடுக்கிறார்களே என்று சும்மா இருந்துவிட்டேன்.

தகரக் காருக்கே இப்படி என்றால் பைபர் காருக்குக் கேட்க வேண்டாம். அப்போது பைபர் உடம்போடு கொஞ்சம் பழைய கார்கள் ஓடின. தட்டினால் பிளாஸ்டிக் குடம் மாதிரி சத்தம் வரும். பழைய பெயின்டை ரிமூவர் ஊற்றி எடுத்தால் பைபரே ஊறிப்போகும் என்று தாளாலேயே தேய்க்க வைப்பார். தேய்க்கும் முன்னும் துடைக்க வேண்டும், பின்னும் துடைக்க வேண்டும். ஊசிமுனை ஓட்டைகளை விரலால் தடவித் தேடிப் பட்டி அழுத்துவார். ஈரம் போக நாள்கணக்கில் வெயிலில் நிறுத்துவார். ஒரு கோட் பெயின்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில், அடித்தது மூச்சு விடட்டும் என்று போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். ஒருநாள் பந்த். பூட்டின டீக்கடை முன்னால், டீ குடிக்கிற நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். சர்க்கரை சரியாக இருந்ததா என்று கேட்டோம். அதற்கும் திட்டு.

அப்படிப்பட்டவரை ஒரு மழைக்காலத்தில் முதலாளி அவசரப்படுத்தி, ஈரம் காயாத பைபர் காருக்கு அடிக்க வைத்தார். அது கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்பித் திரும்பி வந்தது. பழி மேஸ்திரி மேல். அடுத்து ஒரு சிவப்பு பைபர் கார் வந்தபோது, இதுவும் கெட்டால் பெங்களூரிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவேன் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மேஸ்திரி அந்தக் காரைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார்.

பெயின்ட் அடிப்பது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டையில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. அதை ஒரு வாரமாய் ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அங்கே போனதும் மாமியார் என் தலையைப் பார்த்தார்.

"புள்ளத்தாச்சிக்கு வளையல் போட வந்தவ, எழவு வூட்டுத் தலையோடவா வருவ?" என்று அரை பாட்டில் எண்ணெயைக் கவிழ்த்துவிட்டார்.

விடிந்ததும் எண்ணெய் போக இரண்டு தரம் அரப்புப் போட்டுத் தலையைத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனேன். அன்றைக்கென்று மேஸ்திரிக்கு ஜலதோஷம். உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தார், ஒன்றும் ஏறவில்லை.

"எண்ணெ வச்சியா தங்கச்சி?"

கார்க்காரர் வேறு வாசலில் நிற்கிறார். அரப்புப் போட்ட தைரியம் எனக்கு.

"இல்லண்ணா."

சரி, உள்ளே போ என்றார். கடைசித் துடைப்பு என் வேலை. பானெட்டைத் துடைக்கும்போது நெற்றியில் விழுந்த முடியை விரலால் ஒதுக்கினேன். அதே விரலால் ஒரு தூசியையும் தட்டிவிட்டேன்.

முதல் கோட்டிலேயே கண் திறந்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் பானெட் முழுக்க மீன். மேஸ்திரி பானெட்டைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். காய்ந்ததும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம்தான், முதலாளி விட்டால்தானே. யார் வேலை இது என்று கத்திக்கொண்டு வந்தார். துடைத்த துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"நாந்தான். சரியா தொடைக்காம அடிச்சிட்டேன்" என்றார் மேஸ்திரி. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாறு மாசம் கழித்துத் தளிக்கு பஸ் ஏறினேன். மேஸ்திரி அங்கே தம்பியின் முட்டைக்கோஸ் தோட்டத்தில், ஈரத்தோடு ஏன் மூட்டை கட்டுகிறீர்கள் என்று பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தார், இப்போது கன்னடத்தில். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அண்ணா, அன்னிக்கி நானு..."

"நாத்தனாருக்கு என்ன கொழந்த?"

"பொண்ணுங்கண்ணா."

"தாயும் புள்ளயும் சொகந்தானே?"

தலையாட்டினேன். நல்லதாய் ஒரு கோஸ் பார்த்து என் பையில் வைத்து, கடைசி பஸ் போய்விடும், கிளம்பு என்றார்.

ஈரக் கோஸுக்கு அவ்வளவு திட்டுகிற மனுஷன். என்னையும் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.