காரப்பொடியார் வீட்டுக் கல்யாணப் பந்தி

வங்காள விரிகுடாவைத் தன் வீட்டுக் கொல்லைப்புறமாக நினைத்து வாழ்ந்தவர், நான் அறிந்தவரை காரப்பொடியார் ஒருவர்தான். கடல் மீன்களெல்லாம் அவர் வளர்த்த கோழிகள் போலவும், அவற்றை வாங்கிச் சாப்பிடாத ராயபுரத்துவாசிகள் அவர் வீட்டு விருந்தில் பாதியில் எழுந்து போனவர்கள் போலவும் பேசுவார். பாதிரியார் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நிலைத்தது தெரு வைத்த பெயர்தான். காரப்பொடி என்பது ஒரு கைப்பிடிக்குள் ஒரு கூட்டமே அடங்கிவிடும் வெள்ளி நிறப் பொடிமீன். அதுதான் மீன்களில் தலைசிறந்தது என்பது அவர் கட்சி.

அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். எனக்குப் பத்திரிகை வேலை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே தொங்கும் கண்ணாடிக் கூண்டில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் மனசு கொஞ்சம் மிதக்கத்தான் செய்யும். மூடுபனிக்குள்ளிருந்து கட்டுமரங்கள் ஒவ்வொன்றாக வெளிப்படுவதை அங்கிருந்து பார்ப்பார். வேலை முடிந்ததும் தெருமுனையிலிருந்தே குரல் வரும்.

"நெத்திலி வந்துகினு கீது! ஒலய வைங்கம்மா!"

அந்தச் சமயத்தில் டோல்கேட் பக்கம் ஐஸ் பெட்டி மீன்கடை ஒன்று முளைத்தது. எங்கோ மேற்குக் கரையில் பிடித்து ரயிலேற்றிய பெரிய பெரிய மீன்கள். அவற்றை வாங்குவதுதான் கௌரவம் என்று தெரு நினைக்கத் தொடங்கியது. காரப்பொடியார் சண்டைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கடை வாசலுக்குப் போய், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார். மீனோடு வெளியே வந்த ஒரு பெண்ணிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"எப்பம்மா ஆச்சு?"

"இன்னாது?"

"கூடையில கீறாரே, அவருதான். ரொம்ப நாளா இழுத்துகினு கெடந்தாரா?"

அந்த அம்மாள் மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். கடைக்காரர் பாய்ந்து வந்தார். "இன்னா நைனா, காலங்காத்தால பேஜாரு பண்ற?"

"துக்கம் விசாரிக்கக் கூடவா கூடாது?" என்றார் இவர். கண்ணில் உண்மையாகவே நீர்.

அவரிடம் இதற்கெல்லாம் ஒரு விளக்கம் இருந்தது. "நம்ம கரை மீனு ஆர்பர் சங்கையும் கோயில் மணியையும் கேட்டுகினே வளந்தது சார். நம்ம மொளகா வாசன அதுக்குத் தெரியும். கொழம்புல போட்டா வூட்டு ஆளு மாதிரி ஒக்காரும். ஐஸ் மீனு பாஷ தெரியாம முழிச்சிகினு கெடக்கும்." அன்று மதியம் என் தட்டை உற்றுப் பார்த்தேன். காரப்பொடி வீட்டு ஆள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தது.

அவர் மகள் பிலோமினாவுக்குப் பெரம்பூரில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே கார்டு. கையில் கொடி இல்லாதபோதும் இருப்பதுபோலவே நடப்பவர். நிச்சயத்தன்று, "விருந்துக்கு பிரியாணிதானே?" என்றார்.

"ஆடு எந்த ஊரு ஆடோ! அன்னிக்கு நம்ம கடல்ல புடிச்ச மீனுதான் சம்பந்தி."

"வாக்குக் குடுத்துட்டீங்க. மீன் இல்லேன்னா எங்க ஆளுங்க உங்க வீட்டுல கை நனைக்க மாட்டாங்க."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு வாரங்களான திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாண ஆடம்பரம் கிடையாது. அதற்குள் முடிக்க அவசரமாக நாள் குறித்தார்கள். எல்லாரும் பூசைக் காலண்டரைப் பார்த்தார்கள். வானத்தைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அடைமழைக் காலம். கல்யாணத்துக்கு முன்பே கடல் எழுந்து நின்றுகொண்டது. கட்டுமரங்கள் கட்டுப் பிரிந்து வெறும் கட்டைகளாக மணலில் கிடந்தன.

"அந்த ஐஸ் மீனயாவது வாங்கியாய்யா," என்றாள் அவர் மனைவி ரோசம்மா. "போற எடத்துல நம்ம பொண்ணு தல நிமிந்து நடக்க வாணாவா?"

காரப்பொடியார் பையை எடுத்துக்கொண்டு மழையில் டோல்கேட்டுக்கு நடந்தார். மகளுக்காக அவர் அந்தக் கடைப் படியேறியதைத் தெருவே நம்பவில்லை. கடைக்காரர்கூடக் கேலி செய்யவில்லை. "தண்டவாளத்துல வெள்ளம் நைனா. பொட்டி வர்ல," என்றார். வெறும் பை திரும்பி வந்தது.

கல்யாணக் காலையில் தெருப் பெண்கள் சட்டியும் பானையுமாக வந்தார்கள். உள்ளே கருவாடு. காரப்பொடியாரின் தொல்லைக்குப் பயந்து கோடையெல்லாம் மீன் வாங்கி, தின்று தீராமல் உப்பிட்டு மாடியில் உலர்த்தியவை.

"கல்யாணத்துல கருவாடா? கலீஜா நெனப்பாங்கோ!" என்று அலறினார் அவர்.

"நீ வாங்க வச்சதுதான அண்ணாத்தே? வாய மூடிகினு கத்திரிக்காய நறுக்கு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பந்தலுக்குள் மணம் மேகம்போல இறங்கியது. இலைக்கு மேலே கார்டின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன சம்பந்தி இது?"

"நம்ம கடலு மீனுதான். கொஞ்சம் முன்னாடியே கெளம்பி வந்துட்டுது."

யாரும் சிரிக்கவில்லை. கீற்றிலிருந்து மழை சொட்டியது. பிலோமினா தலை குனிந்திருந்தாள்.

எதிர்வரிசையில் கார்டின் மனைவி குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அவர் கடலோர மீனவக் குப்பமான காத்திவாக்கத்தில் பிறந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் கருவாட்டு வாசனை ஆகாது என்று கணவர் சொல்லியிருந்ததால், கல்யாணமானதிலிருந்து அதைத் தொட்டதில்லை. கண்ணை மூடினார். எங்கேயோ போய்த் திரும்பினார்.

"எங்கம்மா வூட்டு வாசன," என்றார். பெரம்பூர்ப் பேச்சு அந்த ஒரே வாயில் கழன்று விழுந்திருந்தது. "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க சம்பந்தியம்மா."

கார்டு மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பிறகு மெல்ல இலையில் கை வைத்தார். வரிசை முழுவதும் கை வைத்தது. பிலோமினா நிமிர்ந்தாள்.

காரப்பொடியாரைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். பட்டு வேட்டி நனைந்து காலோடு ஒட்ட, மணலில் நின்று கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சாப்ட்டாங்க. நீ ஒண்ணும் நெனச்சிக்காத. ஒம் மேல தப்பு இல்ல."

நான் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை.