லூயிஸ் அங்கிளின் தீவு

நானூறு வருடப் பழைய சண்டைக்கு இன்றைக்கு பிரஷர் ஏற்றிக்கொள்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அமெரிக்காவில் எங்கள் பிஸ்கட்டவே ஊர் அபார்ட்மென்ட்டில் இருந்தார். மருந்துக் கம்பெனி கெமிஸ்ட், கோயம்புத்தூர்க்காரர். நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா, சந்தேகம்தான். எல்லோருக்கும் லூயிஸ் அங்கிள்.

லூயிஸ் என்பது ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஒரு தீவு. கேலிக் பேசுகிறவர்களின் மண். அங்கே போய்க் குடியேறுங்கள் என்று ஸ்காட்லாந்து ராஜா தன் பிரபுக்களுக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தாராம். மூன்று முறை போனார்கள், மூன்று முறையும் தோற்றார்கள். வளைகாப்போ, கிரீன் கார்டு பார்ட்டியோ, அங்கிள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கப்பல் கிளம்பிவிடும். தீவுக்காரர்கள் குடியேற வந்தவர்களின் கோட்டைக்குத் தீ வைக்கும் கட்டத்தில் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நிற்பார். நாங்கள் ரசம் வாங்கும் சாக்கில் ஓடிவிடுவோம்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இடம் போயிற்று. வேறு இடம் கிடைக்காவிட்டால் மூடவேண்டியதுதான். என் மகளோ ஏற்கெனவே "சாப்பிட்டியா?" என்றால் "ஐ'ம் குட்" என்கிற கட்டத்தில் இருந்தாள். அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸுக்கு மேனேஜரிடம் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு போனோம். உள்ளே நான்கு வெள்ளைக்காரத் தாத்தாக்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை நீட்டினேன். "நைஸ்" என்றார் ஒருவர், சீட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

அடுத்த வாரம் சீக்கிரமாகப் போனோம். அவர்கள் அதைவிடச் சீக்கிரம். மூன்றாம் வாரம் விடிந்ததும் போய் நாற்காலிகளைப் பிடித்தோம். அவர்கள் நின்றபடியே ஆடினார்கள், போட்ட கூச்சலில் பாடம் நடக்கவில்லை.

அங்கிளுக்கு வாசலில் ஒரே ஆனந்தம். "மூணு தடவை! அப்படியே லூயிஸ்! ஏனுங்க, ராஜா பேப்பர் குடுத்துட்டா ஆச்சுங்களா? அங்க இருக்கறவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அப்ப நீங்களே போய்க் கேளுங்க அங்கிள்!" என்று எரிந்து விழுந்தேன்.

போனார். "நானும் ஆடலாமா?" என்றுதான் கேட்டார். அன்று முழுக்கத் தோற்றார். அடுத்த ஞாயிறு தாத்தாக்கள் மேசையை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டு எங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். வகுப்பு பிழைத்தது. அங்கிள் மட்டும் அந்த மேசையை விட்டு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கப்பல் இனி அங்கே கிளம்பும் என்று எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது.

சில வருடம் கழித்து, கம்பெனியில் ஆள் குறைத்தபோது, அங்கிள் மகனோடு இருக்க டெக்சாஸ் ரவுண்ட் ராக்குக்குப் போய்விட்டார். அந்த ஞாயிறு, "வேர் இஸ் லூயிஸ்?" என்றார் ஒரு தாத்தா. சொன்னேன். நால்வரும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். என்னவோ தோன்றி, அங்கிளின் நாற்காலியில் உட்கார்ந்து ராஜா கதையை ஆரம்பித்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளாததாக நினைத்திருந்த கதை கடகடவென்று வந்தது. கோட்டை வரைக்கும் வந்தேன். அந்தத் தாத்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நோ, நோ. ஹீ ஸ்டேண்ட்ஸ் அப் ஹியர்."

எழுந்து நின்றேன். கோட்டைக்குத் தீ வைக்கவே முடியவில்லை.